உப்பு ஏலமும் அம்மான் பேர்ல ஒரு நிதியும்

ஒரு அரிய நரம்பு நோயோட வாழ்ந்து போன எங்க அம்மான் (தாய் மாமா) பேர்ல அந்த நோய் ஆராய்ச்சிக்கு பணம் திரட்டப் போறோம்னு வீட்டு வாட்ஸப் குரூப்ல போட்டதும் வந்த முதல் கேள்வி எவ்வளவு வேணும்னு இல்ல, "என்ன கட்டப் போறீக?"ன்னுதான். கேட்டவுக சிங்கப்பூர்ல இருக்க ஒரு பெரியவுக, அம்மான் வீட்டு பங்காளி, கை தாராளம், கோயில் திருப்பணின்னா நாம கேக்குறதுக்கு முந்தி அனுப்பிடுவாக. ஒண்ணும் கட்டல, ரத்தத்துல இருந்து டி.என்.ஏ. எடுத்து படிக்கிறதுக்குன்னு டைப் பண்ணி அனுப்பினேன். நீல டிக் வந்துச்சு, பதில் வரல.

அவுகளை நான் குறை சொல்ல மாட்டேன். நம்ம பக்கம் காசு குடுத்தா ஏதாச்சும் ஒண்ணு எழும்பி நிக்கணும். திருப்பணின்னா கோபுரம், ஊருணின்னா படித்துறை, பள்ளிக்கூடம்னா கட்டடம், காசியில சத்திரம்னா போய் படுக்க ஒரு ரூம். வாசல்ல கல்லுல பேரு. பேரன் பேத்தி வந்து தடவிப் பாப்பாங்க. ஆராய்ச்சின்னா என்னத்தை தடவிப் பாக்குறது, ஒரு லேப்ல ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்க சின்ன டியூபையா? அதுவும் பலன் நம்ம காலத்துல வருமான்னு தெரியாது, வந்தாலும் வேற யாரு வீட்டு பிள்ளைக்கோ போகும், போன அம்மான் திரும்பி வரப்போறதில்ல. இதை எப்படி சொல்லி காசு கேக்குறதுன்னுதான் ரொம்ப நாள் முழிச்சேன்.

அம்மான்னா எங்க அம்மாவோட கடைசி தம்பி. பதினாறு வயசு வரைக்கும் ஒரு குறையும் கிடையாது, கோட்டையூர்ல இருந்து காரைக்குடிக்கு சைக்கிள் மிதிச்சு ஸ்கூலுக்கு போன ஆளு. மொதல்ல காது போச்சு. கூப்பிட்டா திரும்பலன்னு, திமிருன்னு நெனச்சு வீட்ல அடி விழுந்திருக்கு. அடுத்த கொஞ்ச வருஷத்துல கை விரலுக்கு நடுவுல இருக்க சதை வத்திப்போய் சட்டை பட்டன் போட முடியல, அப்புறம் முகம், கண்ணை இறுக்கி மூட வராது, தூங்கும்போதும் லேசா திறந்தே இருக்கும், நாக்கு சுருங்கி உள்ளுக்குள்ள துடிச்சுக்கிட்டே இருக்கும், பேச்சு குழறும். ஆனா புத்தி மட்டும் கத்தி. பெரிய அம்மானோட பாத்திரக்கடை கணக்கு முழுக்க அவங்கதான் எழுதினாங்க, பேனா பிடிக்க முடியாம போனதும் செல்போன்ல ஒத்தை விரலால டைப் பண்ணி எழுதினாங்க, தீபாவளி சமயத்துல கூட பத்து ரூபாய் இடிக்காது.

பாத்த டாக்டருங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொன்னாங்க. ஒருத்தர் போலியோன்னார். ஒருத்தர் காது வேற கை வேற, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல, காதுக்கு மெஷின் வாங்குங்கன்னு எழுதிக் குடுத்தார். நடுவுல வைத்தீஸ்வரன் கோயில், நாடி, கேரளாவுல எண்ணெய் வைத்தியம் எல்லாம் ஆச்சு. நோய்க்கு பேரு கெடச்சது அம்மானுக்கு நாப்பது வயசு தாண்டின பிறகு, பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில. மெட்ராஸ் மோட்டார் நியூரான் டிசீஸ். எங்க ஆயா (அம்மாவோட அம்மா) கேட்டாங்க, "இவன் மெட்ராஸ்ல ஒரு நாளு கூட தங்குனதில்லையே, அங்க இருந்து எப்படி ஒட்டுச்சு?" டாக்டரே சிரிச்சுட்டார்.

ஒட்டுற நோய் இல்ல இது. 1970ல மெட்ராஸ்ல இருந்த மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தின்னு மூணு டாக்டருங்க, சின்ன வயசுக்காரங்களுக்கு வர்ற மோட்டார் நியூரான் நோய் நம்ம ஊர்ல வேற மாதிரி இருக்கேன்னு கவனிச்சு 'நியூராலஜி இந்தியா' இதழ்ல எழுதினாங்க, அதனால அந்தப் பேரு. மூளையில இருந்து தசைக்கு உத்தரவு கொண்டுபோற நரம்பு செல்லுங்க ஒவ்வொண்ணா சாகும், தசைக்கு உத்தரவு வராததால அது வத்தும். வெளிநாட்டுல பிரபலமான ஏ.எல்.எஸ். நோய்ல (ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இருந்தது) பெரும்பாலானவங்க சில வருஷத்துலயே போயிடுவாங்க. மெட்ராஸ் நோய் மெதுவா நகரும், காதையும் சேத்து எடுக்கும், டீன் ஏஜ்லயோ இருபதுகள்லயோ ஆரம்பிக்கும், பல பேரு பல பத்து வருஷம் இதோடயே வாழுவாங்க. பாத்தவங்கள்ல பெரும்பாலோர் தென்னிந்தியா, தமிழ்நாடு கர்நாடகா ஆந்திரா பக்கம்தான். அதாவது நம்ம நோய். அமெரிக்காக்காரனோ ஜப்பான்காரனோ தன் காசை போட்டு இதுக்கு மருந்து கண்டுபிடிப்பான்னு உக்காந்திருந்தா உக்காந்தே இருக்க வேண்டியதுதான்.

எவ்வளவு அரிதுன்னா, நிம்ஹான்ஸ் டாக்டருங்க 2008ல ஒரு கட்டுரை போட்டாங்க, 1971ல இருந்து 2007 வரைக்கும் 36 வருஷத்துல அங்க வந்த மெட்ராஸ் நோய்க்காரங்க மொத்தம் 116 பேரு. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, தென்னிந்தியா முழுக்க நரம்புக்கோளாறுன்னா அங்கதான் போவாங்க, 36 வருஷத்துக்கு 116 பேரு. எங்க ஊர் கோயில் நோட்டுல இதை விட அதிகமா புள்ளி இருக்கு.

புள்ளின்னதும் இதை சொல்லிடறேன். எங்க நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) சமூகம் இல்லாதவங்களுக்காக: எங்க கோயில் கணக்குல ஒரு கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. கல்யாணம் ஆனதும் பேரு நோட்டுல ஏறும், புள்ளி வரி கட்டணும், அந்த வரியில திருவிழா நடக்கும். கல்யாணம் ஆகலன்னா புள்ளி இல்ல. அம்மானுக்கு கல்யாணம் ஆகல, யாரும் பொண்ணு குடுக்கல, அவங்களும் வேணாம்னுட்டாங்க. அதனால ஐம்பது வயசு தாண்டி வாழ்ந்தும் அவங்க பேரு எந்த கோயில் நோட்டுலயும் ஏறல. இது எங்க அம்மாவுக்கு உள்ளுக்குள்ள ரொம்ப நாளா இருந்த குறை. நிதியை அம்மான் பேர்ல தொடங்கணும்னு மொதல்ல சொன்னது நான் இல்ல, அம்மாதான். நான் முதியோர் இல்லத்துக்கு ஒரு நாள் சாப்பாடு போடலாம்னுதான் சொன்னேன். "சாப்பாடு யாரு வேணா போடுவாக, அவன் நோயை யாரு பாப்பா?"ன்னு ஒரே கேள்வி. அதோட முடிஞ்சுது.

ஆனா ஆயா ஒத்துக்கல. எண்பத்தஞ்சு தாண்டின ஆயா, பெத்த பிள்ளைய பறிகொடுத்தவுக, அவுக கேட்டது நியாயம்தான்னு எனக்கு இப்பவும் தோணுது. "செத்தவன் பேரை வச்சு வீட்டுக்கு சீக்குப் பட்டம் வாங்கித் தரப் போறியா? வளவுல இன்னும் நாலு பொம்பளப் புள்ளைக இருக்கு, அதுகளை யாரு கட்டுவாக?" இதுக்கு சட்டுன்னு பதில் சொல்ல முடியாது. சொந்தத்துக்குள்ளயே சுத்தி சுத்தி கல்யாணம் பண்ற ஊர் நம்மளது, ஜாதகம் மாத்துற நேரத்துல "அவுக வீட்ல ஒரு பையன் இழுத்துக்கிட்டு கிடந்தானாமே"ன்னு ஒரு வார்த்தை போதும். அதனாலதான் அரிய நோய் உள்ள வீட்டுக்காரங்க வாயே தொறக்க மாட்டாங்க, வாய் தொறக்காததால டாக்டருக்கு ஆள் கெடைக்காது, ஆள் கெடைக்காததால ஆராய்ச்சி நகராது. இந்த நோய் பெரும்பாலும் ஒரு குடும்பத்துல ஒருத்தருக்கு மட்டும்தான் வருது, சில குடும்பங்கள்லதான் ரெண்டு பேருக்கு பாத்திருக்காங்க, காரணமான ஜீன் எதுன்னு இன்னும் உறுதியாகல, அதை உறுதி பண்ணத்தான் பணமே கேக்குறோம்னு ஆயாவுக்கு பொறுமையா சொன்னேன். கண்டுபிடிச்சாத்தான் இந்த நாலு பொண்ணுகளுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்து ஒண்ணும் இல்லன்னு எழுத்துல வாங்க முடியும்னும் சொன்னேன். அது கொஞ்சம் எடுபட்டுச்சு. கடைசியில நோட்டீஸ்ல வீட்டு விலாசம் போடக்கூடாது, அம்மானோட முழுப் பேரு இனிஷியல் போடக்கூடாது, வீட்ல கூப்பிடுற செல்லப் பேரு மட்டும் போட்டுக்கன்னு ஒரு ஒப்பந்தம். இங்கயும் அதனாலதான் பேரு போடல, ஊர்க்காரங்களுக்கு எப்படியும் தெரியும்.

சரி, ஆராய்ச்சிக்கு காசு குடுக்குறது நம்ம ஊருக்கு பழக்கம் இல்லாத விஷயமான்னு பாத்தா அதுவும் இல்ல. காரைக்குடியில செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) எப்படி வந்துச்சு? கோட்டையூர்ல பொறந்த வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்தார், 1948 ஜூலை 25ல நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில ராதாகிருஷ்ணன் திறந்து வச்சார். அந்த காலத்து 15 லட்சம். மின்வேதியியல்னா என்னன்னு அப்ப ஊர்ல எத்தனை பேருக்கு தெரிஞ்சிருக்கும்? துரு பிடிக்கிறத ஆராய்ச்சி பண்ண இவ்வளவான்னு கண்டிப்பா நாலு பேரு திண்ணையில பேசியிருப்பாங்க. இன்னிக்கு அங்க லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்குது, அழகப்பர் 1957லயே போயிட்டார், அவர் அதை பாக்கல. சிங்கப்பூர் பெரியவுகளுக்கு நான் இதைத்தான் வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். அதுக்கும் ஒடனே, "செக்ரிக்கு கட்டடம் இருக்குல்ல"ன்னு பதில் வந்துச்சு. விட மாட்டாக. ஆனா பதில் வந்துச்சே, அதுவே எனக்கு போதும்.

வழி தொறந்தது பிள்ளையார் நோன்புலதான். திருக்கார்த்திகையில இருந்து இருபத்தோரு நாள் கழிச்சு மார்கழியில சஷ்டியும் சதயமும் சேர்ற நாள்ல வரும், புது வேட்டியில இருந்து நூல் எடுத்து இருபத்தோரு இழையா திரிச்சு, இனிப்பு மாவுல வச்சு நெய்யில ஏத்தி, எரியிற சுடரோடயே வாயில போட்டுக்கணும், வீட்டுக்கு பெரியவர் ஒவ்வொருத்தருக்கா எடுத்துக் குடுப்பாங்க. அம்மானுக்கு நாக்கு ஒத்துழைக்காம போன பிறகு இதுல ஒரே பயம், வாயை சரியா மூட முடியாது, முழுங்குறதும் கஷ்டம், ஒரு வருஷம் பொரையேறி எல்லாரும் பதறிட்டோம். அதுக்கப்புறம் சுடரை அணைச்சுட்டு மாவை மட்டும் துளி நாக்குல வைப்பாங்க. "சுடர் வேணும்"னு போன்ல டைப் பண்ணி காட்டுவாங்க, யாரும் குடுக்க மாட்டோம், முகத்துல கோவம் காட்டவும் தசை இல்லாததால கையை தட்டித்தான் கோவப்படுவாங்க.

நோன்பு முடிஞ்சதும் நகரத்தார் சங்கத்துல ஏலம் விடுவாங்க. உப்பு, மஞ்சள், கற்கண்டு, தேங்காய்னு சாதாரண சாமான்தான், ஆனா கடையில இருபது ரூபாய்க்கு கெடைக்கிற உப்பை ஆயிரக்கணக்குல எடுப்பாங்க. எடுக்குறவங்களுக்கு உப்பு வேணும்னா எடுக்குறாங்க? பொதுக் காரியத்துக்கு காசு சேரணும், பிள்ளையார் முன்னாடி சேரணும், சபையில தன் பேரும் ஒரு தடவை ஒலிக்கணும், அவ்வளவுதான். எனக்கு பொறி தட்டினது அங்கதான். ஆராய்ச்சிக்கு குடுக்குறதும் இந்த உப்பை எடுக்குற மாதிரிதான், கையில வர்ற சாமானுக்கும் குடுக்குற காசுக்கும் சம்பந்தம் இருக்காது, அதை புரிஞ்சுக்க இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சங்கத்துல போய், எல்லாம் முடிஞ்ச பிறகு ஒரே ஒரு சாமான் மட்டும் அம்மான் நிதிக்குன்னு விட்டுக் குடுங்கன்னு கேட்டோம். ஒரு செயற்குழு கூட்டம் போட்டு, சங்கப் பணமும் இந்தப் பணமும் கலக்கக்கூடாது, தனி ரசீது, தனி நோட்டுன்னு கண்டிஷன் போட்டு ஒத்துக்கிட்டாங்க. கணக்குல நம்மாளுங்க கறார், அது நல்லதுதான்.

எங்க பங்குக்கு அம்மாவும் சின்ன ஆச்சியும் சேந்து பலகாரம் போட்டாங்க, தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம். அடுப்புல நின்னது பூரா அவங்க, நான் பாக்கெட்ல லேபிள் ஒட்டினதுதான். லேபிள்ல நோய் பேரையும் அறிகுறியும் ரெண்டு வரியில அச்சடிச்சோம். தின்பண்டத்துல நோய் பேரா, அபசகுனம்னு ஒருத்தவுக முகம் சுளிச்சாக. ஆனா அந்த லேபிளை படிச்சுட்டு தேவகோட்டை பக்கத்துல இருந்து ஒரு அக்கா போன் பண்ணாங்க, அது பத்தி பின்னாடி சொல்றேன். ஏலத்துல எங்களுக்கு குடுத்தது கற்கண்டுத் தட்டு. ஏலம் விட்டவர் அம்மான் செல்லப் பேரை சொல்லி, "நம்ம கணக்குப்பிள்ளைக்காக"ன்னு ஆரம்பிச்சார், பாத்திரக்கடையில அம்மான் கூட வேலை பாத்த பாய் ஒருத்தர் சும்மா பாக்க வந்தவரு, சங்கத்து ஆளே இல்ல, முதல் ஆளா கேட்டார். அதுக்கப்புறம் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக் குடுக்காம ஏறுச்சு. கடைசியா வீடியோ கால்ல கேட்டு எடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க, சிங்கப்பூர் பெரியவுகதான். தொகையை இங்க எழுத வேணாம்னு சொல்லிட்டாக.

இப்ப பணம் கட்டுற விஷயத்துல சிக்கல். இதை எங்களை மாதிரி தொடங்க நெனைக்கிறவங்களுக்காக கொஞ்சம் விவரமா எழுதுறேன், எங்களுக்கு யாரும் சொல்லல. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கான்னு சொந்தம் பரவிக் கெடக்கிற ஊர் நம்மளது, எல்லாரும் அனுப்புறேம்பாங்க. இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க வெளிநாட்டுல சம்பாதிச்ச சொந்தப் பணத்தை பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது. ஆனா அந்த ஊர் குடியுரிமை வாங்கிட்டாங்கன்னா அவங்க சொந்த அத்தை மகனா இருந்தாலும் சட்டப்படி வெளிநாட்டவர், அந்தப் பணத்தை வாங்க டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை சட்டம்) பதிவு வேணும், 2020ல சட்டத்தை திருத்தினதுல இருந்து அது டெல்லி எஸ்.பி.ஐ. மெயின் பிராஞ்ச்ல இருக்க கணக்குலதான் வந்து சேரணும். பெரியவுக சிங்கப்பூர் பாஸ்போர்ட்டு. அவுக ஆசையா ஏலம் எடுத்த பணத்தை எங்களால நேரா வாங்க முடியல, அந்தப் பதிவு உள்ள ஒரு ஆராய்ச்சி அமைப்புக்கு அவுகளையே நேரா கட்டச் சொல்லி ரசீது வாங்கினோம். இன்னொண்ணு, 80ஜி வரி விலக்கு, அதாவது நன்கொடை குடுத்தவங்களுக்கு வருமான வரியில கெடைக்கிற கழிவு. பழைய வரி முறையில இருக்கவங்களுக்குத்தான் அது, புது முறைக்கு மாறினவங்களுக்கு கிடையாது, 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தாலும் கிடையாது. நம்ம சனம் மஞ்சப் பையில ரொக்கமா கொண்டாந்து குடுக்கும், வரி விலக்கு வேணும்னா ஜி.பே. பண்ணுங்க ஐயான்னு கெஞ்ச வேண்டியிருக்கு.

எந்த லேப்புக்கு குடுக்குறோம்னு நெறைய பேரு கேக்குறாங்க. அவங்க எழுத்துல ஒப்புதல் குடுத்ததும் பேரு சொல்றேன், அது வரைக்கும் பொதுவுல போட எனக்கு உரிமை இல்ல. ஆனா எதுக்கு செலவாகும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை சொல்றேன். மனுஷனோட டி.என்.ஏ.வை ஏறக்குறைய முழுசா முதல் தடவை படிச்சு முடிக்க ஒரு பெரிய உலகத் திட்டம் போட்டு 13 வருஷம் ஆச்சு, கிட்டத்தட்ட 300 கோடி டாலர், 2003ல முடிஞ்சுது. இப்ப புரதம் செய்யிற பகுதியை மட்டும், அதாவது மொத்தத்துல ஒண்ணு ரெண்டு சதவீதத்தை மட்டும் படிக்கிற எக்சோம் டெஸ்ட் நம்ம நாட்டுலயே அதோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி செலவுல ஆகுது. அதனால மெஷின் செலவு இப்ப பெரிய மலை இல்ல. ஆளுங்க வரணும், அதுதான் மலை. நோய்க்காரர் ஒருத்தர் ரத்தம் மட்டும் போதாது, அப்பா அம்மா ரத்தமும் வேணும், அவங்க இல்லன்னா கூடப் பொறந்தவங்க, அப்பத்தான் டி.என்.ஏ.ல எந்த எழுத்துப்பிழை (ஜீன் கோளாறு) யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு தெரியும். ஒரு காது கேக்காத, நடக்க முடியாத பையனையும் வயசான அப்பா அம்மாவையும் கூட்டிக்கிட்டு புதுக்கோட்டை கிராமத்துல இருந்து பெங்களூர் போறதுன்னா ரெண்டு மூணு நாள் கூலி போச்சு, வண்டி, ரூம், சாப்பாடு. அந்தச் செலவுக்குத்தான் பல ஆராய்ச்சி பட்ஜெட்ல எடமே இருக்காதாம். நம்ம மாதிரி சின்னத் தொகை உண்மையிலேயே உதவுறது அங்கதான். அரசாங்கம் 2021ல அரிய நோய் கொள்கை கொண்டாந்துச்சு, பட்டியல்ல உள்ள நோய்க்கு சிகிச்சைக்கு 50 லட்சம் வரைக்கும் உதவி உண்டு, நல்ல விஷயம், மறுக்கல. ஆனா மருந்தே இல்லாத நோய்க்கு 50 லட்சம் குடுத்தா என்னத்தை வாங்குறது?

மருந்து வருமான்னா, வராமலும் போகலாம், பொய் சொல்லி காசு வாங்க எனக்கு இஷ்டம் இல்ல. 2014ல தலையில ஐஸ் தண்ணி ஊத்திக்கிட்டு உலகமே வீடியோ போட்டுச்சே, அதுல அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேந்துச்சு. அதுல ஒரு பங்கு போட்டு வளத்த ஒரு மருந்துக்கு 2022ல அனுமதி கெடச்சுது, அப்புறம் பெரிய சோதனையில பலன் இல்லன்னு தெரிஞ்சு 2024ல கம்பெனியே வாபஸ் வாங்கிடுச்சு. அதே ஏ.எல்.எஸ்.ல எஸ்.ஓ.டி.1ங்கிற ஜீனை 1993ல கண்டுபிடிச்சாங்க, அந்த ஜீன் கோளாறு உள்ளவங்களுக்கான மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி கெடச்சது 2023ல. நடுவுல முப்பது வருஷம். அந்த ஜீனைத் தேட ரத்தம் குடுத்தவங்கள்ல எத்தனை பேரு அந்த ஊசியை பாத்திருப்பாங்க.

எனக்கு நம்பிக்கை குடுக்குறது இன்னொரு நோய். பிரவுன் வயலெட்டோ வான் லேர்னு பேரு, மெட்ராஸ் நோயோட அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், காது போகும், முகம் நாக்கு தசை போகும், சின்னப் பிள்ளைங்களுக்கு வந்தா மூச்சும் நிக்கும். 1894லயே பிரவுன்ங்கிற டாக்டர் எழுதி வச்சுட்டார், அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல யாராலயும் ஒண்ணும் பண்ண முடியல. 2010ல ஜீனை கண்டுபிடிச்சாங்க. பாத்தா, பி2 வைட்டமினை, ரைபோஃப்ளேவினை, உடம்புக்குள்ள ஏத்துற ஜீன்ல கோளாறு. அதிக டோஸ்ல பி2 குடுத்துப் பாத்தாங்க, பல பிள்ளைங்களுக்கு நோய் அங்கயே நின்னுச்சு, சில பேருக்கு தேறவும் செஞ்சுது. நூறு வருஷமா பிள்ளைங்க செத்துக்கிட்டு இருந்த நோய்க்கு மருந்து வைட்டமின்! பக்கத்து மெடிக்கல்ல வேற டோஸ்ல கெடக்குற அதே வைட்டமின்! அம்மானுக்கும் அந்த ஜீனை பாத்தாங்க, இல்ல. இருந்தும் டாக்டர் பி2 குடுத்துப் பாத்தார், மாற்றம் தெரியல. அம்மானோடது வேற ஏதோ ஒண்ணு, அது என்னன்னு தெரியாமலே நிமோனியாவுல போயிட்டாங்க, முழுங்குறது தடுமாறினா சாப்பாடு மூச்சுக்குழல்ல போயி நெஞ்சுல சளி கட்டும், இந்த மாதிரி நோய்ல எப்பவும் உள்ள பயம் அது. ரத்தம் மட்டும் முந்தியே குடுத்திருந்தாங்க. ஒப்புதல் படிவத்துல கையெழுத்து போட முடியாம கைநாட்டு வச்சதுல அவங்களுக்கு பெரிய அவமானம், கணக்கு எழுதுன ஆளு கைநாட்டான்னு. ஆனா வச்சாங்க.

தேவகோட்டை அக்கா விஷயத்துக்கு வர்றேன். மாவுருண்டை பாக்கெட்ல லேபிளை படிச்சவங்க, "எங்க கொழுந்தனார் மகனுக்கு பதினேழு வயசு, ரெண்டு வருஷமா காது மந்தம், இப்ப கை சூம்புது, பேனா நழுவுதுங்கிறான், ரெண்டையும் தனித்தனி டாக்டர்ட்ட பாக்குறாக"ன்னு சொன்னாங்க. நான் டாக்டர் இல்ல, இது அதுவான்னு சொல்ல முடியாது. ஒரே நரம்பு டாக்டர்ட்ட ரெண்டு ஃபைலையும் ஒண்ணா கொண்டு போங்க, பி2 சம்பந்தப்பட்ட ஜீனை பாக்கணுமான்னு வாய் விட்டு கேளுங்க, ஏன்னா அதுவா இருந்தா சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பலன்னு மட்டும் சொன்னேன். போயிட்டு வந்திருக்காங்க, ரத்தம் எடுத்திருக்காங்க, ரிசல்ட் இன்னும் வரல. வந்தாலும் அது அவங்க வீட்டு விஷயம், நான் இங்க எழுத மாட்டேன்.

அடுத்த நோன்புக்கும் பலகாரம் உண்டு, இந்த தடவை கவுனி அரிசி பாக்கெட்டும் சேக்கலாம்னு அம்மா சொல்றாங்க. பணம் குடுக்குறவங்க குடுங்க, குடுக்க முடியலன்னா பரவால்ல. ஆனா சிவகங்கை, புதுக்கோட்டை பக்கம் உங்களுக்குத் தெரிஞ்ச வீட்ல இருபது முப்பது வயசுக்கு கீழ யாருக்காச்சும் காது கேக்குறது கொறஞ்சு, கூடவே கை மெலிஞ்சு, பேச்சு குழற ஆரம்பிச்சிருந்தா, செவிடு தனி கை தனின்னு விட்டுடாதீங்க, நரம்பு டாக்டர்ட்ட கூட்டிப் போங்க. பெங்களூர் வரைக்கும் போகணும்னு சொன்னா எங்களுக்கு சொல்லுங்க, வண்டிச் செலவும் தங்குற செலவும் நிதியில இருந்து குடுக்குறோம், ரசீது மட்டும் பத்திரமா வச்சிருங்க, எங்க கணக்குல அது ரொம்ப முக்கியம்.